ஒலி அவியும் திசை

ரேடியோவில் சிரித்தது அவன் மனைவி. ஆனால் அவன் மனைவி அவனுக்கு நேர் எதிரே, தையல் மெஷினுக்குப் பின்னால், உதடுகளுக்கு நடுவே மூன்று குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு யாராலும் சிரிக்க முடியாது. அதுவும் அந்தச் சிரிப்பு. குடத்திலிருந்து தண்ணீர் கவிழ்வதுபோல் ஒரே மூச்சில் கொட்டி, கடைசியில் ஒரு சின்ன விக்கலில் போய் முட்டி நிற்கும். பத்து வருஷம் கூட இருந்த புருஷனுக்கு அது தெரியாதா? அவன் காதிலிருந்த ஒற்றை இயர்போனை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். வெறும் இரைச்சல். மாலை மணி ஆறு பத்து. ஜன்னலுக்கு வெளியே வானம் காவி நிறத்திலிருந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். அவன் பக்கம் திரும்பவேயில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் கூண்டில் தொங்கிக்கொண்டு, கிரீஸ் வாடையோடு கேபிள்களின் முனகலைக் கேட்கிற வேலை. காதுதான் அவனுக்குச் சோறு போட்டது. மாலையில் வீடு வந்தால் ரேடியோ. ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று புத்தகத்தில் படிப்பதைவிடக் கையால் கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கடையில் வாங்கினால் கையைக் கடிக்கும். ஆகவே உடைந்த துணிக்கொடி ஸ்டாண்டிலிருந்து இரண்டு மரச்சட்டங்களை உருவி, கூட்டல் குறிபோல் பிணைத்து, அதைச் சுற்றிக் காலிங்பெல் ஒயரைப் பன்னிரண்டு சுற்று சுற்றினான். முழங்கை நீளச் சதுரம். பழைய பாக்கெட் ரேடியோவின் வயிற்றிலிருந்த சுருளைக் கழற்றிவிட்டு இதைக் கோத்தான். அவ்வளவுதான்.

இது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்காது. சட்டத்தின் விளிம்பு ஒரு ஸ்டேஷனைப் பார்த்தால் சத்தம் ஓங்கும். சட்டத்தின் முகம் அதை நேருக்கு நேர் பார்த்தால் சத்தம் ஊதி அணைத்த விளக்காக அவிந்துபோகும். அந்த அவியும் திசையை வைத்துத்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் இதைச் செய்து காட்டியே சமையலறையில் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த மட்டமான எல்.இ.டி. பல்பைப் பிடித்தான். மனைவிக்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிப் பிடித்து விளக்கினான்.

"தட்டோட ஓரம் பார்த்தா சத்தம் வரும். முகம் பார்த்தா செத்துடும். புரியுதா?"

அவள் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தட்டுக்கு ரெண்டு முகம் இருக்கே. சத்தம் முன்னாடி இருந்து வருதா, பின்னாடி இருந்து வருதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதை நாமதான் யூகிச்சுக்கணும்."

"யூகம் தப்பா போனா?"

"பின்னாடி நம்ம வீடுதானே இருக்கு. நம்ம வீட்டுல யாரு இருக்கப்போறா?" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போட்டான். யூகிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு எப்போதுமே ஒரு நினைப்பு.

சிரிப்பு கேட்ட மறுநாள், ஆறு பத்துக்கு அவன் தயாராக இருந்தான். மனைவி பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள், அவனுக்கு முதுகு காட்டியபடி. எண்ணெய் கொதிப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு அடியில், தூரத்து ஸ்டேஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முனகும் அந்த நேரத்துக்கே உரிய சலசலப்புக்கு நடுவே, ஒரு ஜன்னல் திறந்ததுபோல் குரல் வந்தது.

"போதும், விடுங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது."

யாரிடம் சொல்கிறாள்? அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. போனில் பேசுகிற ஒருத்தியைப் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி அவள் பாதி மட்டும்தான். பால்கனியில் அவள் துணிக் கிளிப்புகளைக் கூடையில் போட்டாள். டக். டக். அந்தச் சத்தமும் ரேடியோவில் இல்லை.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு வந்தது பயம் இல்லை. வயிற்றெரிச்சல். நெஞ்சுக்குள் யாரோ உப்பு அள்ளிப் போட்டதுபோல் காந்தியது. எதிரே நிற்பவள் பேசவில்லை. அப்படியென்றால் இது முன்பே பேசியது. யாரோ பதிவு பண்ணி வைத்திருக்கிறான். சாயங்காலமானால் போட்டுக் கேட்கிறான். அவன் வைத்திருக்கும் ஏதோ ஒரு மட்டமான மைக், மட்டமான பல்பைப் போலவே, காற்றில் கசிகிறது. என்னிடம் சிரிக்காத சிரிப்பை இவள் யாரிடம் போய்ச் சிரித்தாள்?

இப்படிக் கேட்டவுடனேயே பதிலும் தயாராக வந்து நின்றது. கண்ணாடிக்காரர்.

எதிர்ச்சாரியில் மாடி வீடு. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே அவர் குடியிருப்பு. தனி ஆள். மூன்று மாசத்துக்கு முன்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, தலை வலிக்கிறது என்று மனைவி தனியாகப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். மெல்லிய செம்பு நிற ஃப்ரேம். முகமே மாறிப்போயிருந்தது. அழகாக இருந்தது, அதுதான் பிரச்சினை.

"இதை யாரு எடுத்தா?" என்று அன்றைக்குக் கேட்டான்.

"அவர்தான். முகத்துக்கு இது எடுப்பா இருக்கும்னார்."

எடுப்பாக இருக்கும் என்று சொல்ல வேண்டுமானால் எவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்? அன்றிலிருந்து அந்தச் செம்பு ஃப்ரேம் அவன் கண்ணில் விழுந்த துரும்பு. அவள் அதைக் கழற்றி மேஜையில் வைத்தால்கூட, அது அவனையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

மூன்றாம் நாள் அவன் அரை மணி நேரம் முன்னதாகவே வேலையிலிருந்து வந்துவிட்டான். மனைவி சட்டை வெட்டும் பழுப்புக் காகிதத்தில் ஒரு தாளைக் கிழித்து, தெருவை வரைந்தான். தங்கள் கட்டடம், எதிர்ச்சாரி, நடுவில் தெருவிளக்கு, மூலையில் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு இடத்தில் நின்று திசை பார்க்க வேண்டும். இரண்டு கோடு போட வேண்டும். வெட்டிக்கொள்ளும் இடத்தில் திருடன். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஆறு பத்து. கூடத்து ஜன்னலில் நின்று, கண்ணாடிக்காரரின் மாடி ஜன்னலைப் பார்த்தபடி சட்டத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தான். குரல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சட்டத்தை மெல்லத் திருப்பினான். ஓங்கியது. இன்னும் திருப்பினான். தேய்ந்தது, தேய்ந்தது, அவிந்தது. சட்டத்தின் முகம் நேராக அந்த மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் கோடு போட்டான். பென்சில் முனை உடைந்தது.

மொட்டைமாடிக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலை, முப்பது அடி தள்ளி. தொட்டியில் பாசி வாசம். மூடி காற்றில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. இங்கிருந்தும் அதே ஜன்னலைப் பார்த்தபடி சட்டத்தைத் திருப்பினான். இங்கேயும் அவிந்தது. இரண்டாவது கோடு. இரண்டும் கண்ணாடிக்காரர் வீட்டு மாடியறையில், அளந்து வைத்ததுபோல் வெட்டிக்கொண்டன.

அவன் ஜெயித்துவிட்டான். கெட்ட செய்தியிலும் ஒரு ருசி இருக்கிறது; நாம் முன்பே சொன்னது சரியாகிப்போன ருசி. தாளை மடித்துப் பாக்கெட்டில் வைக்கப்போனான். சட்டம் கையில் திரும்பிவிட்டது. குரல் சட்டென்று ஓங்கிக் கேட்டது.

"மாடியில இருக்கார். ம்ம்... கோடு போட்டுப் பார்க்கிறார்."

தொட்டி மூடி தட்டியது.

"இல்ல. இன்னும் தெரியல அவருக்கு."

அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது அவள் தையல் மெஷினில் இருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப். செம்பு ஃப்ரேம். வாயில் குண்டூசி. போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து டப்பியில் போட்டாள். "யார்கிட்ட பேசினேன்னு பார்க்கிறீங்களா?"

"சிரிச்சது யாரு?"

"என்ன?"

"மூணு நாளா கேட்டுட்டிருக்கேன். எதிர் வீட்டுல உன் சிரிப்பு எப்படிப் போச்சு?"

அவள் அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் முகத்தில் இருந்தது களைப்பு. துணியைத் தேய்க்கும்போது எப்போதோ சுட்டுக்கொண்டது, வலது மணிக்கட்டில் இலை வடிவத்தில் ஒரு தழும்பு. யோசிக்கும்போது அதைக் கட்டைவிரலால் தடவுவாள். இப்போதும் தடவினாள்.

"நான் சிரிச்சு நாலு வருஷம் ஆச்சுங்க. உங்க ஆபீஸ் பார்ட்டியில அந்த மேனேஜர் ஏதோ ஜோக் சொன்னார்னு சிரிச்சேன். பஸ்ல வரும்போது நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? பல்லைக் காட்டிச் சிரிச்சா என்ன மாதிரி பொம்பளைன்னு நினைப்பாங்கன்னு சொன்னீங்க. அதோட விட்டேன்."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. பஸ் ஜன்னல் வழியே காற்று அடித்ததும், அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டதும், அன்றைக்குத் தனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்ததும். ஆனால் நியாயம் பேச இது நேரமில்லை என்று அவன் பொறாமை சொல்லிக்கொடுத்தது. சட்டத்தையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

படியில் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடி வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசம். இயர்போனில் அவள்.

"படியிறங்குறார்."

ஒன்று. இரண்டு. மூன்று. அவன் செருப்புச் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால், ஈரத்துணி சுவரில் உரசுவதுபோல் ஒன்று. தன் சட்டை என்று நினைத்துக்கொண்டான்.

"அவசரத்தைப் பாரு. சட்டை பட்டனைக்கூடப் போடல."

குனிந்து பார்த்தான். மேல் பட்டன் திறந்திருந்தது.

கண்ணாடிக்காரன் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறான், இவளுக்குச் சொல்கிறான், இவள் சிரிக்கிறாள். சேர்ந்து கூத்தடிக்கிறார்கள். அவன் தெருவைக் கடந்து, கடைக்குப் பக்கத்து மாடிப்படி ஏறி, கதவை உள்ளங்கையால் அறைந்தான்.

கண்ணாடிக்காரர் ஒரு கையில் பாதி சாப்பிட்ட தட்டோடு வந்து திறந்தார். வீட்டு பனியன், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, செய்தி ஓடும் டிவி. மறைத்து வைக்கத் தோதான ஒரு மூலைகூட இல்லாத வீடு. லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசம் மட்டும்.

"வாங்க சார்! என்ன, ரெண்டு பேருமா இந்த நேரத்துல?" என்றார். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகத்தில் தொழில் அக்கறை வந்தது. "ஏன் மேடம், கண்ணாடி போடலையா? பவர் சரியில்லையா? போடாம இருந்தா மறுபடி தலைவலி வரும்."

அவன் திரும்பினான்.

படிக்கட்டு. காலி. கீழே தெருவிளக்கின் மஞ்சள் வட்டம். அதற்கு அப்பால் அவன் கட்டடம், மூன்றாவது மாடி, அவன் பால்கனி. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப். விளக்கு வெளிச்சத்தில் அவள் கண்ணாடி இரண்டு புள்ளியாகப் பளிச்சிட்டது.

"யாரைச் சொல்றீங்க?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"மேடம்தான்..." கண்ணாடிக்காரர் மறுபடி அவன் பின்னால் பார்த்தார். இப்போது அவன் பால்கனியைப் பார்த்தபடி, அவருக்கு முதுகு காட்டி நின்றான். அதாவது அவன் பின்னால் இருந்தது அவருடைய வீடுதான். அவர் பேச்சு அறுந்தது. தட்டு கீழே விழுந்த சத்தம். அவர் தன் வீட்டுக்குள்ளேயே, சுவரோடு சுவராகப் பின்வாங்கினார். "சார், கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். "தயவுசெஞ்சு, கூட்டிட்டுப் போயிடுங்க."

கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

அவன் தெருவின் நடுவே வந்து நின்றான். வண்டி எதுவும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் தேனீக்கூடாக முனகியது. கை தானாகச் சட்டத்தை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தியது. கண்ணாடிக்காரர் வீட்டைப் பார்த்து நின்றான். குரல் அவிந்தது. சரி. கால் திருப்பம் திரும்பி, தெரு முனையைப் பார்த்தான். அவிந்தே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தான். அவிந்தே இருந்தது. தன் வீட்டைப் பார்த்தான்.

அவிந்தே இருந்தது.

உடம்பை அசைக்காமல் சட்டத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பினான். குரல் ஓங்கி வந்தது, விக்கலோடு முடியும் அந்தச் சிரிப்பு. மறுபடி நெஞ்சுக்கு நேரே. அவிந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் குரல் அவனோடேயே திரும்பியது. ஒன்று அது எப்போதும் அவனுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். எதிரே வெறும் தெரு.

தட்டுக்கு இரண்டு முகம்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலில் நின்றபோதும், மொட்டைமாடியில் நின்றபோதும், கண்ணாடிக்காரர் வீட்டை முறைத்துக்கொண்டு நின்றானே, அப்போதெல்லாம் அது அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. கோடுகள் அங்கே போய் வெட்டியது அவன் பார்வை அங்கே இருந்ததால். அவன் எங்கே பழி போட்டானோ அதற்கு நேர் பின்புறம்.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டே படியேறினான். சுவர் சில்லென்றிருந்தது. பிறகு இளஞ்சூடாக இருந்தது. அதற்குப்பின் அவன் சுவரை விட்டுத் தள்ளியே ஏறினான்.

மனைவி கதவைத் திறந்து வைத்திருந்தாள். "என்னங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கு? அவர்கிட்ட போய் சண்டை போட்டீங்களா?"

"என் பின்னாடி யாராவது இருக்காங்களா பாரு."

எட்டிப் பார்த்தாள். "யாரும் இல்லையே."

"நல்லாப் பாரு."

"யாரும் இல்லைங்க. உள்ள வாங்க."

அவன் இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பீக்கரைத் திறந்தான். இரைச்சலுக்கு நடுவே அந்தச் சிரிப்பு கூடத்தில் கொட்டியது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "இது..." என்றாள். "இது அன்னைக்கு நான் சிரிச்சதுங்க. அந்தப் பார்ட்டியில." கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் நிறைந்தன. "இவ்வளவு நல்லாவா சிரிப்பேன் நான்?"

இதை ஒரு வழி பண்ணியாக வேண்டும். ஓடிப்போக முடியாது; எங்கே ஓடினாலும் முதுகும் கூடத்தானே வரும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான். சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நெட்டுக்குத்தான கம்பியைச் சேர்த்துவிட்டால் அதன் குழப்பம் தீரும். இரண்டு விளிம்பில் ஒன்று செவிடாகிவிடும், மற்றது மட்டும் கேட்கும். அப்போது முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை உடைத்தான். மனைவி அதை நேராகப் பிடித்துக்கொள்ள, ஒயரைச் சுற்றினான். நான்கு வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை இது என்று தோன்றியது. அவள் விரல் அவன் விரலில் பட்டது.

முதலில் தெரிந்த ஒன்றில் சரிபார்க்க வேண்டும். ஊர் ஸ்டேஷனை வைத்தான். அதன் கோபுரம் ஜன்னல் பக்கம். சட்டத்தைச் சுற்றினான். ஒரு விளிம்பு ஜன்னலைப் பார்த்தபோது செய்தி வாசிப்பவர் அடங்கிப்போனார். மறு விளிம்பு பார்த்தபோது முழங்கினார். செவிட்டு விளிம்பில் மனைவியின் நகச்சாயத்தால் சிவப்புக் குறி வைத்தான்.

"நீ அங்க உட்காரு. எனக்கு நேர் எதிர்ல. அசையாதே."

அவள் தையல் மெஷின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் நான்கடி தள்ளி, வாசல் கதவுக்கு முதுகு காட்டி நின்றான். ரேடியோவை மறுபடி அந்த இடத்துக்குத் திருகினான். சிரிப்பு.

சிவப்பு விளிம்பை மனைவியின் பக்கம் நீட்டினான். சத்தம் அவளிடமிருந்து வந்தால் இப்போது அடங்க வேண்டும்.

அடங்கவில்லை. கூடமே அதிரச் சிரித்தது.

அவள் இல்லை. அவளிடமிருந்து வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் நெஞ்சிலிருந்து பாறாங்கல் உருண்டு விழுந்தது. இவள் எங்கேயும் போகவில்லை, யாரிடமும் சிரிக்கவில்லை, இவள் என்னுடையவள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். இத்தனை பயத்திலும் அந்த நினைப்பு இனித்தது.

சட்டத்தைச் சுற்றினான். சிவப்பு விளிம்பு தன் நெஞ்சைப் பார்த்து வந்தது.

அடங்கியது.

நிசப்தம். இரைச்சல்கூட இல்லை.

மனைவி தலையைத் தூக்கினாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்து தரையில் கீச்சிட்டது. அவள் கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் கூடத்து விளக்கு தெரிந்தது. விளக்குக்குக் கீழே அவன். சின்னதாக. அவனுக்குப் பின்னால், அவன் தோளில் முகவாயை வைத்தபடி, இன்னொரு முகம். கண்ணாடி போடாத முகம். பல் தெரிந்தது.

மனைவியின் உதடுகள் அசைந்தன. அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் ரேடியோவிலிருந்து வந்தது. கரகரத்து, ரொம்பத் தூரத்திலிருந்து.

"யாருங்க அவ?"

அவன் பிடரியில் இளஞ்சூடான மூச்சு பட்டது. இரைச்சல் இல்லாத, துல்லியமான சிரிப்பு. விக்கல்.

"அவளை ஏன் பார்க்கிறீங்க?" என்றது காதருகே. "அந்த பஸ்ல இருந்தே உங்க முதுகுல, உங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சு நாலு வருஷம். நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் எப்படி இருந்தீங்கன்னு பார்த்துக்கிட்டே நாலு வருஷம்."

ரேடியோவில் மனைவி கத்தினாள். எதிரே அவள் வாய் முழுக்கத் திறந்திருந்தது.

அவன் விலாவை உரசிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் இலை வடிவத் தழும்பு. அது அவன் கையோடு சேர்த்துச் சட்டத்தைப் பிடித்தது, குழந்தைக்கு எழுதப் பழக்குகிறவளைப்போல் பொறுமையாக. மெல்லத் திருப்பியது. சிவப்பு விளிம்பு மனைவியை நோக்கிப் போனது.

கத்தல் தேய்ந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியது. அவிந்தது.

நான்கடி தூரத்தில், தையல் மெஷினுக்குப் பின்னால், செம்பு ஃப்ரேம் மூக்கில் நழுவ, இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, அவள் வாய் திறந்து திறந்து மூடியது. திரும்பத் திரும்ப ஒரே சொல். உதட்டசைவில் அவனுக்குத் தெரிந்தது, அவள் அழைப்பது அவனை.